ஒரு படம், இரண்டு பெயர்

இரு நாடுகள் கூடித் தயாரித்த திரைப்படம் என்றால், பணம் யாருடையது, நட்சத்திரம் யார் என்றே பெரும்பாலும் கேட்கிறோம். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்றுண்டு: அந்த ஒரே படத்துக்கு ஒவ்வொரு நாடும் என்ன பெயர் வைத்தது?

நம் மும்பையிலிருந்தே தொடங்குவோம். 1957-இல் க்வாஜா அகமது அப்பாசின் 'நயா சன்சார்' நிறுவனமும் மாஸ்கோவின் 'மாஸ்பிலிம்' நிலையமும் சேர்ந்து ஒரு படம் எடுத்தன. அப்பாசும் வசீலி புரோனினும் இயக்கினர். 15-ஆம் நூற்றாண்டில் துவேர் நகரிலிருந்து இந்தியா வந்த ருசிய வணிகன் அபனாசி நிக்கித்தினின் கதை அது. அவன் வந்திறங்கிய சௌல் துறைமுகம் மும்பைக்குத் தெற்கே, இதே கொங்கணக் கரையில்தான் உள்ளது. நர்கீஸ், பல்ராஜ் சாஹ்னி ஆகியோருடன் நம் பத்மினியும் நடித்தார். ருசியப் பதிப்பின் பெயர் 'மூன்று கடல் கடந்த பயணம்' என்னும் பொருள்படும். இந்திப் பதிப்பின் பெயரோ 'பர்தேசி'. அனுப்பிய ஊருக்கு அவன் பயணி. வந்த ஊருக்கு அயலான். (இந்தியில் அயல்நாட்டான் என்றே பொருள்படும் இச்சொல், தமிழில் பிச்சைக்காரனைக் குறிக்கும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. குர்லாவில் வாழும் நமக்கு இரண்டு பொருளும் பழக்கந்தான்!)

இதில் இரு நாடுகளுக்கும் சச்சரவு ஏதுமில்லை. ஆனால் நேற்றுவரை ஒருவரையொருவர் சுட்டுக்கொண்ட இருவர் சேர்ந்து அந்தப் போரையே படமெடுத்தால்?

1964-இல் அதுவும் நடந்தது. இத்தாலிய டைரக்டர் ஜுசெப்பே தெ சாந்திஸ் மாஸ்பிலிமோடு கூடி எடுத்த படம் அது. 1941-இல் முசோலினி, இட்லரின் படையெடுப்புக்குத் துணையாகச் சோவியத்து நாட்டுக்குப் படை அனுப்பினார். அடுத்த ஆண்டில் அது ஏறக்குறைய 2,30,000 பேர் கொண்ட சேனையாக வளர்ந்து தோன் ஆற்றங்கரையில் நின்றது. 1942–43 குளிர்காலத்தில் அது சிதறிப் பின்வாங்கியபோது பல்லாயிரவர் வீடு திரும்பவில்லை. இதுதான் கதை. 1958-இல் 'பர்தேசி' போட்டியிட்ட அதே கான் விழாவில் முதற்பரிசு பெற்றது 'கொக்குகள் பறக்கின்றன' என்ற ருசியப் படம். அதன் நாயகி தத்தியானா சமோய்லோவா இதிலும் நடித்தார்.

படத்தில் இத்தாலியமும் ருசியமும் ஒலிக்கின்றன. அதை அழகுக்குச் செய்த வேலையாக எண்ணலாகாது. படைவீரன் பேசுவது ஊர்ப்பெண்ணுக்குப் புரியாது என்பதே நாடகம். எல்லாரையும் ஒரே மொழியில் பேசவிட்டு 'டப்பிங்' செய்தால் அந்த நாடகம் செத்துவிடும்.

இனிப் பெயரைப் பாருங்கள். உரோமில் 'இத்தாலியர் நல்ல மனிதர்'. மாஸ்கோவில் 'அவர்கள் கிழக்கே சென்றார்கள்'. ஒன்று குணத்தைச் சொல்கிறது, மற்றது திசையைச் சொல்கிறது. தாக்கப்பட்டவனுக்கு, வந்தவன் நல்லவனா என்பதைவிட வந்தான் என்பதே முதற்செய்தி.

இரு கூட்டாளிகளும் ஒப்புக்கொள்ளும் வில்லன் யார்? பேச்சு மேசையில் இல்லாதவன்! பழி பெரிதும் செருமானியர் மீதும் பாசிச அதிகாரி மீதும் விழுகிறது. ஆர்தர் கென்னடி ஏற்ற வேடம் அத்தகைய அதிகாரியே. எளிய இத்தாலிய வீரன், ஏமாற்றி அனுப்பப்பட்ட ஏழையாக நிற்கிறான். அதில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. 1935–36-இல் எத்தியோப்பியாவில் இத்தாலியப் படை கடுகுவாயுவைப் பயன்படுத்தியது. தோலைக் கொப்புளமாக்கி நுரையீரலை எரிக்கும் நஞ்சு அது; காற்றைவிடக் கனமானதால் பள்ளங்களில் தங்கும். வேதியியல் படிக்கும் எனக்கு அதை வெறும் வாய்பாடாகப் பார்க்க மனம் வருவதில்லை. இத்தாலியப் பாதுகாப்பு அமைச்சகம் இதை ஒப்புக்கொண்டது 1996-இல்தான். 2005-இல் வரலாற்றாசிரியர் ஆஞ்செலோ தெல் போக்கா இப்படத்தின் பெயரையே தம் நூலுக்கு வைத்தார். கடைசியில் ஒரு கேள்விக்குறி சேர்த்து!

நமக்கும் இத்தாலியப் போரில் பங்குண்டு. 1943 முதல் 1945 வரை இந்தியாவின் 4, 8, 10-ஆம் டிவிசன்கள் அங்கே போரிட்டன. 1944 சூலை 10-இல் மேல் தைபர் பள்ளத்தாக்கில் இறந்து விக்டோரியா சிலுவை பெற்ற யசுவந்த் காட்கே, சௌல் இருக்கும் அதே ராய்கட் மாவட்டத்துக்காரர். அக்கதையை மும்பையும் உரோமும் கூடி எடுத்தால், இரு ஊரிலும் என்ன பெயர் வைப்பார்கள்?