ஈரடுக்கு மின்கலம்

அரிசி சலிப்போர் கண் பெரிய சல்லடையை மேலும் கண் சிறிய சல்லடையைக் கீழும் வைப்பர். முழு அரிசி மேலே தங்க, குருணை கீழிறங்கி அடுத்த சல்லடையில் நிற்கும். மாற்றி வைப்பின் மேலதே இரண்டையும் தடுத்துவிடும், கீழதற்கு வேலையில்லை. ஞாயிற்றின் ஒளியையும் இவ்வாறு பிரித்தாளும் முறையை அறிவியலார் இன்று பயின்று வருகின்றனர்.

மாணவர்களே, ஒளி துகள் துகளாக வருவது. நீலத் துகள் ஆற்றல் மிக்கது. செந்நிறத் துகள் அதனிற் குறைந்தது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புத் துகள் இன்னும் குறைந்தது. 1954-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெல் ஆய்வுக்கூடத்தார் வெளியிட்ட சிலிக்கன் மின்கலம், தன்மேல் வீழ்ந்த ஒளியாற்றலில் நூற்றுக்கு ஏறத்தாழ 6 பங்கையே மின்னாக்கியது. அவ்வளவு பின்னர்ப் படிப்படியாக உயர்ந்தது. எனினும் சிலிக்கனுக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு. எத்துணை வலிய துகள் வரினும், ஓர் எலக்ட்ரானை விடுவித்தற்கு வேண்டும் அளவையே அது பயன்கொள்ளும்; மிகுதி வெப்பமாய்க் கழியும். வெயிலிற் கிடக்கும் தகட்டைத் தொட்டால் கை சுடுகின்றதன்றோ? அச்சூட்டில் இவ்விழப்பும் ஒரு பங்கு. ஆதலின், சிலிக்கன் தனித்து நின்று நூற்றுக்கு ஏறத்தாழ 29 பங்கைக் கடத்தல் இயலாது.

அதனாற் சிலிக்கனைத் தள்ளிவிட வேண்டுவதில்லை. அதன்மேல் பெரோவ்ஸ்கைட்டு என்னும் மெல்லிய படலமொன்றைப் போர்த்தினால் போதும். 1839-இல் யூரல் மலைக் கனிமம் ஒன்றற்கு உருசிய நாட்டுப் பெரோவ்ஸ்கி என்பாரின் பெயரை இட்டனர். அதன் அணுவொழுங்கையே உடைய பிற சேர்மங்களும் பின்னர் அப்பெயரைப் பெற்றன. மின்கலத்திற்கு உதவுவது மலையில் அகழ்வதன்று. ஈயம், அயோடின் முதலியன சேர்த்து ஆய்வுக்கூடத்தில் ஆக்குவது. 2009-இல் சப்பானியப் பேராசிரியர் மியாசகாவின் குழுவினர் அதனைக் கொண்டு மின்னெடுத்தபோது நூற்றுக்கு 3.8 பங்கே கிட்டியது. அதுவும் நெடிது நிலைக்கவில்லை.

இன்றோ அப்படலம் நீலமும் பச்சையுமாகிய வலிய துகள்களைத் தான் ஏற்று, உயர்ந்த அழுத்தத்தில் மின்னைத் தருகின்றது. மெலியவற்றைத் தடுக்காது சிலிக்கனுக்கு விடுகின்றது. அயோடினொடு புரோமினைக் கூட்டியும் குறைத்தும், எதனைப் பிடிப்பது, எதனை விடுவது என்று வகுத்துக்கொள்ளலாம். சல்லடையின் கண்ணை வேண்டியவாறு அமைத்துக்கொள்வது போலும் இது! 2024-இல் சீன நாட்டு லாங்கி நிறுவனத்தின் சிறு கலம் ஒன்று 34.6 பங்கை எட்டியது.

ஆயினும், ஆய்வுக்கூடம் வேறு, கூரை வேறு. ஈரமும் வெப்பமும் இப்படலத்தைச் சிதைக்கும். சிலிக்கன் தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும்; மேற்படலமும் அவ்வாறு உழைக்குமென்று இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஈயம் மழைநீரொடு மண்ணிற் கலவாது காத்தலும் வேண்டும். செருமனியில் ஆக்கப்பெற்ற ஈரடுக்குத் தகடுகள் 2024-இல்தான் முதன்முதலாக விற்பனைக்குச் சென்றன. அவை காணவேண்டிய கோடைகள் பல உள.