மனச்சுமையின் அறிகுறிகள்

காரணமின்றிக் குழந்தைகளிடம் சீறுவதும், தாடை இறுகித் தலைவலியோடு எழுவதும், படுத்த பின்னும் மறுநாளின் கவலைகளையே மனம் புரட்டிக்கொண்டிருப்பதும் சரீரம் நமக்கு அனுப்பும் முன்னறிவிப்புகள். இவற்றைச் சுபாவக் கோளாறென்று ஒதுக்குவது அநியாயம். 1936-இல் ஹான்ஸ் செலி என்ற மருத்துவ ஆய்வாளர் எலிகளை ஆராய்ந்து கண்டவாறு, பலவகைத் தாக்குதல்களுக்கும் தேகம் ஏறக்குறைய ஒரே விதமாகவே எதிர்வினை புரிகிறது. அட்ரினலின் சுரந்து இருதயம் விரைகிறது, சுவாசம் மேலோட்டமாகிறது. அவ்வேளையில் நிமிர்ந்தமர்ந்து, நான்கு எண்ணும் அளவு மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவு மெல்ல வெளிவிட்டு, இவ்விதம் ஐந்து நிமிஷம் செய்துவந்தால், நாடித்துடிப்பு தணிவதை மணிக்கட்டில் விரல் வைத்தே உணரலாம். பிற்பகலுக்குப்பின் காப்பியைத் தவிர்ப்பது நித்திரைக்கு உதவும். இரண்டு வாரங்களுக்கு மேலும் துயரம் நீடித்தால், கூச்சத்தை விட்டு வைத்தியரை நாடுங்கள்; இந்திய அரசின் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.