வாளில் பெயர் இருந்தால் போதுமா?

மெய்க் கையெழுத்தும் பொய்க் கையெழுத்தும் - வணிகர்களுக்கு ஒரு பாடம்

விழுப்புரம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு மணிலா மூட்டை வந்து இறங்குகிறது. சாக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தா நாம் விலை சொல்கிறோம்? நாலு காயை உடைத்து, பருப்பைக் கையில் உருட்டி, ஒன்றை வாயில் போட்டு, ஈரம் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் விலை. சரக்கு முதலில், சாக்கு பிறகு. நம் தொழிலுக்கு இதுதான் அரிச்சுவடி.

ஆனால் பழக்கமில்லாத பொருள் ஒன்று முன்னால் வந்துவிட்டால், இந்த அரிச்சுவடியை மறந்து, எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தே மயங்கிவிடுகிறோம். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம்.

திண்டிவனத்தில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பல வருடப் பழக்கமுள்ள வாடிக்கைக்காரர். பற்று நாற்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு நாள் மாலை, பழைய வேட்டியில் சுற்றி நீளமாக ஏதோ கொண்டுவருகிறார். "முதலாளி, எங்க தாத்தா மலேயாவுலேர்ந்து வந்தப்ப கொண்டாந்த வாள் இது. ஜப்பான்காரன் வாள். பிடியைக் கழட்டினா செஞ்சவன் பேரே செதுக்கியிருக்கு. லட்சக்கணக்குல போகுமாம். பாக்கிக்கு இதை வெச்சிக்குங்க, மேல வர்றதைப் பார்த்துக் குடுங்க" என்கிறார்.

கதை உண்மையாகவே இருக்கலாம். 1942-லிருந்து 1945 வரை மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் கையில் இருந்தன. அங்கே இருந்த தமிழர்களில் ஆயிரக்கணக்கானோர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் ஜப்பானியப் படைகள் முறைப்படி சரணடைந்தன. அதையொட்டி ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாள்களை ஒப்படைத்தார்கள். அப்படிக் கைமாறிய வாள்கள் உலகின் பல மூலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. ஆகவே வாள் வந்த வழியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கேள்வி வேறு: அதில் இருக்கும் பெயரை நம்பி நாற்பதாயிரத்தைக் கழித்துவிடலாமா?

நம் நாட்டு வாள்களிலும் இதே கதை

வாளில் பெயர் போலியாவது ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. ஈரானில் ஷா அப்பாஸ் மன்னர் காலத்தில், அதாவது 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இஸ்ஃபஹான் நகரில் அசதுல்லா என்ற கொல்லர் பெரும் பெயர் பெற்றிருந்தார். அவர் செய்த வாள் ஓர் இரும்புத் தலைக்கவசத்தையே பிளந்ததென்றும், அதற்குப் பரிசாக மன்னர் வாள் செய்யும் கொல்லர்களுக்கு வரியைத் தள்ளுபடி செய்தாரென்றும் ஒரு கதை வழங்குகிறது.

கதை எப்படியோ, பெயர் விலைபோயிற்று. அசதுல்லா பெயர் பொறித்த வாள்கள் ஈரானிலும் இந்தியாவிலும் ஏராளம். அவற்றில் காணும் ஆண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. ஒரு மனிதர் அத்தனை காலம் சம்மட்டி பிடித்திருக்க முடியாது. பெயர் கையெழுத்தாக இருந்தது போய், தரத்தைச் சொல்லும் மார்க்காகவே மாறிவிட்டது.

ஐரோப்பிய வாள் அலகுகளும் அப்படியே. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து அவை இங்கே இறக்குமதியாகி, நம் ஊர்ப் பிடி போட்டு 'ஃபிரங்கி' என்ற பெயரில் விற்றன. அவற்றுக்கு மதிப்பு ஏறியதும், அந்த முத்திரைகளைப் பார்த்து உள்நாட்டிலேயே பொறிக்கத் தொடங்கினார்கள். இத்தனைக்கும் உருக்கு எஃகைப் பிற நாடுகளுக்கு அனுப்பிய நாடு நம்முடையது. சரக்கு நம்முடையது, மார்க் மட்டும் அயல்நாட்டான் பெயரில்! இன்றும் இப்படி நடக்கிற வியாபாரம் நமக்குத் தெரியாததா?

'மெய்' எங்கே இருக்கிறது?

இனி ஜப்பானிய வாளுக்கு வருவோம். நம் அரிவாளில் மரப்பிடிக்குள் போகும் இரும்புக் காம்பு இருக்கிறதல்லவா? ஜப்பானிய வாளிலும் அப்படி ஒன்று உண்டு. அதை நாகாகோ என்பார்கள். பிடியில் குறுக்கே இருக்கும் சிறிய மூங்கில் ஆணியைத் தள்ளிவிட்டால் பிடி கழன்று வரும். கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டுவது இந்தக் காம்பின் மேல்தான். சிலர் ஊரையும், மறுபக்கத்தில் ஆண்டையும் சேர்த்து வெட்டுவார்கள்.

கேட்டால் வியப்பாக இருக்கும். இந்தக் கையெழுத்துக்கு ஜப்பானிய மொழியில் 'மெய்' என்று பெயர். பொய்க் கையெழுத்து 'கிமெய்'. கையெழுத்தே இல்லாத வாள் 'முமெய்'. நம் மொழியில் மெய் என்றால் உண்மை. அங்கேயோ எல்லா மெய்யும் மெய்யல்ல! 17-ஆம் நூற்றாண்டில் எடோ நகரில் (இன்றைய டோக்கியோ) வாழ்ந்த கொதெத்சு என்ற கொல்லரின் பெயர் அதிகம் போலியானவற்றுள் ஒன்று. கொதெத்சு என்று கண்டால் முதலில் போலி என்றே நினை என்பது அங்கே வாள் சேகரிப்பவர்களிடையே வழக்கம்.

சோதிக்கும் முறை

தேர்ந்தவர்கள் எடுத்தவுடன் கையெழுத்தைப் படிப்பதில்லை. அவர்கள் பார்க்கும் வரிசை இது:

1. முதலில் வாள். நீளம், வளைவு, இரும்பில் தெரியும் இழை, வெட்டுவாய் ஓரமாக அலை போல ஓடும் வெள்ளைக் கோலம் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவற்றைக் கொண்டு எந்தக் காலம், எந்தப் பகுதி, எந்தப் பட்டறை என்று முடிவு செய்துகொள்வார்கள். அதன் பிறகே பிடியைக் கழற்றுவார்கள். காம்பில் இருக்கும் பெயர் அந்த முடிவோடு ஒத்துப்போனால் மேலே ஆராய்ச்சி. வாள் ஒரு காலத்தையும் பெயர் வேறொரு காலத்தையும் சொன்னால், பொய் சொல்வது பெயர்தான். பெயரை வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். வாளை அப்படிச் செய்ய முடியாது.

2. காம்பின் துரு. பல நூற்றாண்டு கடந்த காம்பில் துரு கருத்து, வழவழப்பாகப் படிந்திருக்கும். உளிக் கோட்டின் உள்ளேயும் அதே நிறம் இருக்க வேண்டும். வெளியே பழைய துரு, எழுத்துக்குள்ளே செம்மையான புதுத் துரு என்றால், பெயர் பிற்பாடு வெட்டப்பட்டது என்று பொருள்.

3. எந்தப் பக்கம்? இடுப்பில் அணியும்போது உடம்புக்கு வெளிப்புறமாக வரும் பக்கத்தில் கையெழுத்திடுவது பொது வழக்கு. பழைய 'தாச்சி' வாள் வெட்டுவாய் கீழ்நோக்கித் தொங்கும். பிற்கால 'காதானா' வெட்டுவாய் மேல்நோக்கிச் செருகப்படும். ஆகவே இரண்டிலும் கையெழுத்து எதிரெதிர்ப் பக்கத்தில் வரும். ஹிசென் பகுதிக் கொல்லர்களைப் போல இந்த வழக்கை மீறியவர்களும் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

4. இடமும் துளையும். நீண்ட பழைய வாள்களைப் பிற்காலத்தில் அடிப்பக்கம் வெட்டிக் குட்டையாக்கியிருக்கிறார்கள். அப்போது பெயர் பாதியோ முழுவதுமோ போயிருக்கும். வெட்டிக் குறைத்த காம்பின் நடுவே முழுப்பெயர் அழகாக உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வர வேண்டும்.

5. ஒப்பிடுதல். காம்பின் மேல் மெல்லிய தாளை வைத்து, மைக்கட்டியால் தேய்த்து எடுக்கும் படிக்கு ஓஷிகாதா என்று பெயர். சந்தேகமற்ற வாள்களின் படிகள் புத்தகங்களாகத் தொகுக்கப்பட்டுள்ளன. ஒரே ஒரு படியோடு ஒப்பிட்டால் போதாது. அதே கொல்லரின், அதே வயதுக் கையெழுத்துகள் பலவற்றோடு ஒப்பிட வேண்டும். கொதெத்சுவே தம் பெயரெழுத்தை வெட்டும் விதத்தைக் காலப்போக்கில் மாற்றிக்கொண்டவர். எழுத்தின் வடிவத்தை விட உளி எங்கே தொடங்கி எந்தத் திசையில் போயிற்று என்பதே முக்கியம். வடிவத்தைப் பார்த்து வரைந்துவிடலாம். கைப்பழக்கத்தை வரைய முடியாது.

6. கடைசியில் நிபுணர் சான்று. ஜப்பானில் 1948-இல் தொடங்கப்பட்ட ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் வாள்களைச் சோதித்துச் சான்றிதழ் அளிக்கிறது. போலிக் கையெழுத்துள்ள வாளுக்கு அங்கே சான்று கிடைக்காது. சான்றிதழ் காட்டினாலும் அது இந்த வாளுக்கு உரியதுதானா என்று அளவுகளை ஒத்துப் பார்க்க வேண்டும்.

விடை இரண்டல்ல, நான்கு

இப்படிச் சோதித்தால் 'உண்மை' அல்லது 'போலி' என்று இரண்டே விடை வரும் என்று நினைக்கிறோம். உண்மையில் நான்கு வரலாம்.

பெயருக்கு உரியவரே வெட்டியது ஒன்று. ஏமாற்றுவதற்காகப் பிறர் வெட்டியது இரண்டாவது. ஆசிரியரின் அனுமதியோடு மகனோ சீடரோ வெட்டியது மூன்றாவது. நம் கடையில் முதலாளிக்காகக் கணக்குப்பிள்ளை கையெழுத்துப் போடுவதில்லையா, அது போல. அப்பா பெயரிலேயே பிள்ளையும் பேரனும் கடை நடத்துவது போல, ஒரே பெயரைத் தலைமுறை தலைமுறையாக வைத்துக்கொண்ட கொல்லர் குடும்பங்களும் உண்டு. அங்கே பெயர் மெய்தான். எந்தத் தலைமுறை என்பதே கேள்வி.

நான்காவதுதான் நம் திண்டிவனம் கடைக்காரர் அதிகம் கவனிக்க வேண்டியது. இரண்டாம் உலகப் போருக்காக ஜப்பானில் ஏராளமான வாள்கள் வேகமாகச் செய்யப்பட்டன. இவற்றை 'ஷோவாதோ' என்பார்கள். செகி போன்ற ஊர்களில் செய்தவற்றில் கொல்லர் பெயரும் இருக்கும், பக்கத்தில் சிறிய முத்திரையும் இருக்கும். சார்ஜெண்ட் தரத்து வீரர்களுக்குக் கொடுத்த வாள்களில் வரிசை எண் அடித்திருக்கும். கையெழுத்து உண்மை, ஆனால் வாள் பழையதல்ல. யாரும் ஏமாற்றவில்லை, 'பெயர் இருக்கிறது, ஆகவே பழமை' என்று நினைத்து நாமே ஏமாறுகிறோம். போர்க் காலத்தில் மலேயாவில் கிடைத்த வாள் என்றால் முதலில் எழ வேண்டிய சந்தேகம் இதுவே. பழங்கால அலகைப் போர்க்கால உறையில் போட்டுக் கொண்டுவந்த அதிகாரிகளும் இருந்ததால், பார்க்காமலே ஒதுக்கவும் கூடாது.

செய்யக் கூடாதவை

எலுமிச்சம்பழம், புளி, உப்புத்தாள், பளபளப்பாக்கும் பசை எதுவும் காம்பின் அருகே போகக் கூடாது. அந்தத் துருதான் சாட்சி. தேய்த்துவிட்டால் வாளின் மதிப்பும் போகும், உண்மையை அறியும் வழியும் போகும். அலகை வெறுங்கையால் தொட்டால் வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும். ஜப்பானியர் வாளுக்குப் பூசும் எண்ணெயில் கிராம்புத் தைலம் சேர்ப்பது பழைய வழக்கம். நம் கடையில் இருக்கும் சரக்கு எங்கெல்லாம் போகிறது பாருங்கள்!

சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி வாளை விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். நூறு ஆண்டைக் கடந்த பொருளாக இருந்தால் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும். தொல்பொருள் வியாபாரத்துக்கு உரிமம் தேவை. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. 'வெளிநாட்டில் நல்ல விலை' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. வக்கீலைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

நம் கல்லாவுக்கு வருவோம்

வாள் எல்லோர் கடைக்கும் வராது. புரோநோட்டு வரும், செக் வரும், பிரபல கம்பெனி லேபிள் ஒட்டிய டப்பா வரும். அங்கேயும் இதே பாடம்தான்.

புரோநோட்டில் 'இது என் கையெழுத்தே இல்லை' என்று ஒருவர் மறுத்தால், ஐயமற்ற வேறு கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பார்க்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த வழி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது. அப்படி ஒப்பிட, அதே காலத்துக் கையெழுத்துகள் வேண்டும். ஆகவே வாடிக்கைக்காரர் கையெழுத்திட்ட பழைய ரசீதுகளையும் பற்றுச் சீட்டுகளையும் தூக்கிப் போடாமல் ஆண்டு வாரியாகக் கட்டி வையுங்கள். அவைதான் உங்களுடைய ஓஷிகாதா.

இன்னொன்று: யாரும் இரண்டு முறை அச்சு மாறாமல் கையெழுத்துப் போடுவதில்லை. பழைய கையெழுத்தின் மேல் வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்துகிறது என்றால் அதுவே சந்தேகத்துக்கு இடம். லேபிள் ஒட்டிய சரக்கானாலும் மணம், எடை, பேட்ச் எண், விற்றவர் கொடுத்த பில் ஆகியவற்றைப் பார்த்த பிறகே லேபிளை நம்புங்கள்.

திண்டிவனம் கடைக்காரர் செய்ய வேண்டியது என்ன? வாளை வாங்கிக்கொள்ளவும் வேண்டாம், வாடிக்கைக்காரரைப் பொய்யர் என்று விரட்டவும் வேண்டாம். "ஐயா, இதைத் தேய்க்காம, எண்ணெய் போட்டுப் பத்திரமா வெச்சிக்குங்க. பிடியைக் கழட்டி ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து, தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க. நம்ம பாக்கியை மாசா மாசம் கொஞ்சமா அடைச்சிடுங்க" என்று சொல்லி அனுப்பலாம். எழும்பூர் ரயிலடியில் இறங்குகிறவர்களுக்கு அரசு அருங்காட்சியகம் பக்கம்தான். சரக்கு வாங்கப் போகிற நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அங்குள்ள பழைய ஆயுதங்களைப் பார்த்து வரலாம்; கண் பழகும்.

வாள் உண்மையானால் அந்தக் குடும்பத்துக்கு நல்லது. போலியானால் நம் நாற்பதாயிரம் தப்பியது. எப்படியானாலும் வாடிக்கை முறியவில்லை. சரக்கைப் பார், பிறகு பெயரைப் படி. கடை வைத்திருக்கும் நாம் இதை மறக்கலாகாது.