காய்ச்சல் போன பின்னும் போகாத நோவு

காய்ச்சல் விட்டுப் பல கிழமைகளாகியும் சிலர் எழும்பி நடமாட முடியாமல் இருக்கின்றனர். ஒருவருக்குக் காலையில் விரல் மடங்காது. கிணற்றுக் கயிற்றைப் பிடிக்க முடியாது. இன்னொருவருக்கு மூட்டில் நோவே இல்லை, ஆனால் முற்றம் கூட்டினாலே ஆள் சோர்ந்து விடுகிறார். கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற வீட்டில் இது சிறிய காரியமல்ல. "படுத்துக் கிடந்தால் உடம்பு இன்னும் விறைக்கும், எழும்பி வேலையைச் செய்யுங்கோ" என்று நாமும் பலருக்குச் சொல்லியிருக்கிறோம். முதலாமவருக்கு அது ஓரளவு பொருந்தும். இரண்டாமவருக்கு அது தீங்கு.

முதலாமவருக்கு வந்தது பெரும்பாலும் சிக்குன்குன்யா. 1952 இல் தன்சானியாவில் இந்நோய் அடையாளம் காணப்பட்டபோது, அங்குள்ள மக்கொண்டே மொழியில் உடல் வளைந்து போவதைக் குறிக்கும் சொல்லே இதற்குப் பெயராயிற்று. எமது நாட்டில் 2006 இன் இறுதியிலும் பின்னர் 2025 இலும் இது பரவியது. வைரசு அடங்கிய பின்னும் விரல், மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகியவற்றில் வீக்கமும் விறைப்பும் சிலருக்கு மாதக்கணக்காக, ஏன், வருடக்கணக்காகவும் நிற்பதுண்டு.

இவர்கள் மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் தசை மெலிந்து விறைப்புக் கூடும். காலையில் இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்து, விரல்களை மெதுவாகப் பத்துத் தடவை மூடித் திறக்கலாம். மணிக்கட்டை மேலும் கீழும் அசைக்கலாம். கதிரையில் இருந்து ஒரு காலை நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கி, பின் மற்றக் காலையும் அவ்வாறே செய்யலாம். பாதத்தை வட்டமாகச் சுற்றலாம். செய்து முடித்து இரண்டு மணி நேரம் கழிந்தும் நோவு கூடியே நின்றால், அன்று செய்தது அதிகம், மறுநாள் குறைத்துக்கொள்ளுங்கள். மூட்டு சிவந்து சூடாக வீங்கியிருக்கும் நாளில் பாரம் வேண்டாம், மெல்ல அசைத்தால் போதும். மண்வெட்டிப் பிடியில் பழந்துணியைச் சுற்றித் தடிப்பாக்கினால் விரல்களுக்கு இறுக்கம் குறையும். வாளியைப் பாதியளவு நிரப்பி இரண்டு நடையாகக் கொண்டு வாருங்கள்.

இனி இரண்டாமவர். கோவிட் வந்து போன பின் சிலருக்கு இக்களைப்பு நிற்கிறது. இதன் வஞ்சகம் என்னவென்றால், வேலை செய்யும் நேரத்தில் உடம்பு ஒத்துழைக்கும்; தண்டனை பிந்தி வரும். நாம் அறிந்த ஒரு தாய், இன்று சுகமாயிருக்கிறது என்று மிளகாய்ப் பாத்தியில் அரைநாள் களை பிடுங்கினார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பாயை விட்டு எழும்ப முடியவில்லை; தலை மந்தம், உடம்பெல்லாம் உளைவு. வீட்டாரோ அதைச் சோம்பல் என்றார்கள். இப்படிப் பிந்திச் சரிபவர்களுக்கு, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போகும் அப்பியாசம் ஏற்றதல்ல. உலக சுகாதார நிறுவனமும் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டலில் இவர்களை வேறாகவே பிரித்துக் கூறியது.

இவர்களுக்குரிய பயிற்சி, களைப்பு வருமுன் நிறுத்தப் பழகுவதே. இது கேட்க இலகு, கமக்காரருக்குச் செய்யக் கடினம். பாதிப் பாத்தியில் எழும்பி வர எவருக்கு மனம் வரும்? ஆயினும் பத்து நிமிடம் இருந்து செய்து, பத்து நிமிடம் சாய்ந்து கிடவுங்கள். சமையலுக்குக் காய் நறுக்கும்போது இருந்துகொள்ளுங்கள். துணி தோய்க்கும் நாளில் விறகுக்குப் போக வேண்டாம். மூச்சு முட்டினால் முன்பக்கம் சாய்ந்திருந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுங்கள்.

நெஞ்சு நோவு, மயக்கம், சும்மா இருக்கும்போதே மூச்சு முட்டல், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவை கண்டால் அப்பியாசம் எதுவும் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மூட்டு வீக்கம் மூன்று மாதம் கடந்தும் நின்றால் அதையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எந்த வகை என்று தெரியாவிட்டாலோ, இரண்டும் கலந்திருந்தாலோ, பிள்ளையின் பழைய கொப்பியொன்றை எடுத்து, இன்று செய்த வேலையையும் அடுத்த இரண்டு நாளும் உடம்பு இருந்த விதத்தையும் இரண்டு கிழமைக்கு எழுதுங்கள். எழுத முடியாதவருக்குப் பிள்ளை எழுதட்டும். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போய் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ காட்டுங்கள்.