குகே: தங்கத்தைப் படிப்புக்குச் செலவழித்த மலை ராஜ்யம்

ஹிஸ்டரின்னாலே பெரிய பேரரசுகள்தான் நமக்கு ஞாபகம் வரும். இந்தத் தடவை ஒரு குட்டி ராஜ்யத்தைப் பார்ப்போம். பெயர் குகே. இடம், மேற்குத் திபெத்தில் சட்லஜ் நதியின் மேல்பகுதி. கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்கும் மேல். மழை ரொம்பக் கம்மி, ஆற்றங்கரையில் மட்டும்தான் விவசாயம். தங்கமும் கம்பளியும் வணிகப் பாதையும்தான் வருமானம்.

எப்படி உருவாச்சு? 842-ல் திபெத் மன்னர் லாங்தர்மா கொல்லப்பட்டதும் பேரரசு உடைந்தது. அவர் வம்சத்தில் வந்த நீமாகோன் மேற்கே போய் ஆட்சி அமைத்தார். அவருடைய மூன்று மகன்கள் நாட்டைப் பங்கு பிரிச்சுக்கிட்டாங்க. ஒருத்தருக்கு லடாக், ஒருத்தருக்கு ஸான்ஸ்கர்–ஸ்பிதி, ஒருத்தருக்கு குகே–புராங்.

அடுத்த தலைமுறைகளில் வந்தவர் யேஷே ஓ. அரசராக இருந்தே துறவியானவர். நல்ல ஆசிரியர்கள் இல்லைன்னு 21 இளைஞர்களைக் காஷ்மீருக்குப் படிக்க அனுப்பினார். வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் இரண்டே பேர்தான் உயிரோட திரும்பினாங்கன்னு திபெத்திய மரபு சொல்லுது. அதில் ஒருத்தர் ரின்சென் ஸாங்போ (958–1055). சமஸ்கிருத நூல்களை மலைபோல மொழிபெயர்த்தவர்.

யேஷே ஓ எதிரிகளிடம் சிக்கினப்போ, அவர் எடைக்கு எடை தங்கம் கேட்டாங்களாம். "எனக்காகச் செலவழிக்காதே, அந்தத் தங்கத்தில் ஒரு நல்ல குருவைக் கூட்டிட்டு வா"ன்னு அவர் சொன்னதா ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, விக்ரமசீலாவின் அறிஞர் அதீசர் 1042-ல் குகே வந்தது வரலாறு. தோலிங் மடத்தில் இருந்தப்போ அவர் எழுதிய 'போதிபதப்ரதீபம்' இன்றைக்கும் திபெத்திய பௌத்தத்தில் முக்கியப் பாடநூல்.

அப்புறம் ஏன் விழுந்தது? 1624-ல் போர்ச்சுகீசியப் பாதிரியார் அந்தோனியோ தெ ஆந்த்ராதே, கார்வாலிலிருந்து மானா கணவாய் தாண்டி தலைநகர் ஸாபராங்குக்கு வந்தார். அரசர் அவரை வரவேற்று, சர்ச் கட்டவும் அனுமதி கொடுத்தார். லாமாக்களுக்குக் கோபம். ஏற்கெனவே மடங்களின் செல்வாக்கை அரசர் குறைக்கப் பார்த்ததும் சேர்ந்துக்கிச்சு. உள்ளே கலகம் வெடிச்சது. 1630-ல் லடாக் மன்னர் செங்கே நம்கியால் ஸாபராங்கைப் பிடித்தார். லடாக் அரச வம்சமும் அதே நீமாகோன் வழியில் வந்ததாத்தான் சொல்லிக்கிட்டது!

இங்கேதான் யோசிக்கணும். அரசர்கள் தங்கம் கொட்டி வளர்த்த மடங்கள்தான் கடைசியில் அரசருக்கு எதிரா நின்றன. அப்போ அந்தச் செலவு வீணா?

ஸாபராங் இன்று இடிந்த களிமண் கோட்டை. ஆனா யேஷே ஓ காலத்தில், 996-ல் எழுப்பிய தாபோ மடம் ஹிமாச்சலின் ஸ்பிதியில் ஆயிரம் வருஷம் தாண்டியும் நிற்குது. அதுவும் மண் சுவர்தான். உள்ளே பழைய சுவரோவியங்கள், இன்னமும் பாடம் படிக்கிற துறவிகள். ஸ்பிதி ட்ரிப் பிளான் பண்றவங்க தாபோவுக்கு ஒரு நாள் ஒதுக்குங்க.