டோக்கன் சொன்ன கதை

கேள்வி: மக்களை அரசு உளவு பார்ப்பதும், அதை மறைத்து வைப்பதும் ஜனநாயகத்துக்கு ஒத்துவருமா?
– வாசகர், சிராங்கூன் சாலை

பதில்: குண்டு வைப்பவனைத் தேடும் போலீஸ் தண்டோரா போட்டுக்கொண்டு போக முடியாதுதான். ஆனால் யாரை, எந்தச் சட்டப்படி, எதுவரை கண்காணிக்கலாம் என்ற விதி ரகசியமாக இருக்கக் கூடாது. கொவிட் காலத்தில் சிங்கப்பூரின் தேக்கா சந்தை வாசலில் காட்டிவிட்டு மீன் வாங்கப் போனோமே, அந்த டிரேஸ்டுகெதர் டோக்கன் ஞாபகமிருக்கிறதா? அதில் பதிவாகும் தகவல் கொவிட் தொற்றுத் தடமறிய மட்டுமே என்று 2020 ஜூனில் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் சொன்னார். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி போலீசும் அதைக் கேட்டு வாங்கலாம் என்பது 2021 ஜனவரியில், நாடாளுமன்றக் கேள்வி ஒன்றுக்குக் கிடைத்த பதிலில்தான் வெளியே வந்தது. ஒரு கொலை வழக்கில் அதற்குள் கேட்டும் இருந்தார்கள்! சலசலப்புக்குப் பிறகு, பிப்ரவரியில், 7 வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் நிறைவேறியது. கொலையைத் துப்புத்துலக்க வேண்டாம் என்று யார் சொன்னார்கள்? முதலிலேயே சொல்லியிருக்கலாம். அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்காவிட்டால்?