தாத்தாவின் பம்ப் துப்பாக்கியும் மூன்றாவது தோட்டாவும்

கேள்வி: ஏற்காடு நாகலூரில் இருக்கிறோம். என் தாத்தா ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். தோட்டத்துத் துரை மார்கழி, தை மாதங்களில் மலையிறங்கிச் சேலத்துப் பக்கத்து ஏரிகளுக்குத் தாரா சுடப் போவாராம். தோட்டாப் பையைத் தூக்கிக்கொண்டு தாத்தாவும் கூடப் போவாராம். “ரெட்டைக்குழல் கொண்டுபோன நாளில் பை காலி. பம்ப் துப்பாக்கி கொண்டுபோன நாளில் பை நிறையும். அது மக்கர் பண்ணவே பண்ணாது” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பம்ப் துப்பாக்கி அவ்வளவு நம்பகமானதா? அதனால்தான் வாத்து அதிகம் விழுந்ததா? தாத்தாவின் தகரப் பெட்டியில் சிவப்புக் காகிதத் தோட்டா ஒன்றும் கிடைத்தது.
– வாசகர், நாகலூர்

பதில்: உங்கள் தாத்தா சொன்னதில் இரண்டு சேதிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி மக்கர் பண்ணவில்லை என்பது ஒன்று, பை நிறைந்தது என்பது இன்னொன்று. முதல் சேதியை முக்கால்வாசி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால்தான் இது என்று அவர் போட்ட முடிச்சைக் கொஞ்சம் அவிழ்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பம்ப் துப்பாக்கி என்றதும் எல்லாரும் சொல்வது, ரெட்டைக்குழலில் இரண்டு வெடி, இதில் ஐந்து வெடி, ஆகவே வாத்தும் அதிகம் விழும் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. பறக்கும் வாத்து மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தைச் சாதாரணமாகத் தொடும். அதாவது நொடிக்குப் பதினேழு மீட்டர். முப்பது மீட்டரில் முதல் வெடி தவறிவிட்டது, வாத்து நேர் எதிர்த்திசையில் விலகிப் போகிறது என்று வையுங்கள். முன்பிடியை இழுத்துத் தள்ளி, மறுபடி குறிபார்த்து விசையை அழுத்த ஒரு நொடி ஆகும். இரண்டாவது வெடிக்கு வாத்து நாற்பத்தேழு மீட்டரில் இருக்கும், மூன்றாவதுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். 12 போர் துப்பாக்கியின் ரவை வாத்தை நம்பிக்கையாக வீழ்த்துவது முப்பத்தைந்து, நாற்பது மீட்டர் வரைதான். (‘12 போர்’ என்பது குழலின் அகலம். அந்தக் குழலுக்குப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை. இன்றைய அளவில் சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர்.) மூன்றாவது தோட்டாவால் சத்தம் வரும், வாத்து வராது.

அமெரிக்காவில் 1935 முதலே வாத்து வேட்டையில் துப்பாக்கிக்கு மூன்று தோட்டாவுக்கு மேல் கூடாது. பம்ப் துப்பாக்கியின் தோட்டாக் குழாய்க்குள் ஒரு மரத்துண்டைச் செருகி அடைத்துவிட வேண்டும். அதனால் அந்த நாட்டு வேட்டைக்காரர்கள் யாரும் பம்ப் துப்பாக்கியைத் தூக்கிப் போட்டுவிடவில்லை.

அப்படியானால் மக்கர் பண்ணாது என்ற பெயர் அதற்கு எப்படி வந்தது? அதை உள்ளே திறந்து பார்த்தால் தெரியும். குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாய் இருக்கிறது, தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதற்குள் படுத்திருக்கின்றன. இடது கையில் பிடிக்கும் முன்பிடி அந்தக் குழாயின் மேல் வழுக்கி ஓடும். பின்னால் இழுத்தால் பூட்டு திறக்கிறது. ஒரு சின்னக் கொக்கி வெடித்த உறையின் விளிம்பைக் கவ்வி உருவுகிறது. உறை பக்கவாட்டில் துள்ளி விழுகிறது. புதுத் தோட்டா ஒன்று தூக்குத் தட்டில் வந்து உட்காருகிறது. முன்னால் தள்ளினால் தட்டு அதை உயர்த்தி அறைக்குள் ஏற்றுகிறது, பூட்டு விழுகிறது. ‘அறை’ என்பது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்.

இவ்வளவு வேலைக்கும் ஆற்றல் கொடுப்பது கை. தானாக நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிகள் உண்டு. வெடியின் உதைப்பையோ அதன் வாயுவையோ கடன் வாங்கி அவை இயங்கும். மருந்து கொஞ்சம் பலவீனமாக இருந்தால், கசடு அடைத்திருந்தால், பாதியில் நின்றுவிடும். பம்ப் துப்பாக்கிக்கு அந்தக் கவலை இல்லை. வெடிக்காத தோட்டாவையும் ஓர் இழுப்பில் வெளியே எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றும். (வெடிக்காத தோட்டா சில நொடி தாமதித்தும் வெடிக்கலாம் என்பதால், குழலைப் பத்திரமான பக்கம் நீட்டியபடி அரை நிமிடம் பொறுத்துத்தான் உருவ வேண்டும் என்பது பாடம். தாரா தலைக்கு மேல் போகும்போது அந்தப் பாடம் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்ததோ!) அமெரிக்காவில் ஸ்பென்சர் என்பவர் 1880-களில் இப்படியொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். பிறகு பிரௌனிங் வரைந்து வின்செஸ்டர் செய்த 1897 மாடல் முதல் உலகப் போரின் பதுங்குகுழி வரை போனது. 1950-இல் வந்த ரெமிங்டன் 870 ஒரு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. மலிவு, முரடு, அடித்தால் தாங்கும் என்ற பெயர் இப்படி வந்ததுதான்.

‘முக்கால்வாசி’ என்று சொன்னேன் அல்லவா, மீதிக் கால்வாசி அந்தக் கையிலேயே இருக்கிறது. பதற்றத்தில் முன்பிடியை முழுதாக இழுக்காமல் முக்கால் இழுப்பில் திருப்பித் தள்ளிவிட்டால், பழைய உறை வெளியேறாது அல்லது புதுத் தோட்டா மேலே வராது. பார்ப்பவருக்குத் துப்பாக்கி மக்கர் பண்ணியது போலத் தெரியும், தப்பு ஆளுடையது. ஒரு துப்பாக்கி சுடும் கழகத்தில் வெற்றுத் தோட்டா போட்டு நானே பழகிப் பார்த்திருக்கிறேன். பத்து முறையில் இரண்டு முறை சிக்கிக்கொண்டது. எதிரே வாத்துகூட இல்லை, சுவர்தான் இருந்தது.

இனி உங்கள் மலைக்கு வருவோம். அங்கே பம்ப் துப்பாக்கிக்கு ஒரு தனிப்பட்ட எதிரி உண்டு: மூடுபனி. தோட்டா உறைகள் பிளாஸ்டிக்காக மாறியது 1960-ஐ ஒட்டித்தான். அதற்கு முன் பித்தளை அடிப்பாகத்தின் மேல் மெழுகு பூசிய காகிதக் குழல். வலசை வாத்துகள் வருவதோ ஐப்பசி மழைக்குப் பின்னால். ஏற்காட்டில் அப்போது பெட்டியில் மடித்து வைத்த வேட்டியே நமத்துப் போயிருக்கும். மெழுகு உரிந்த காகிதம் ஈரம் குடித்து ஒரு சுற்றுப் பருத்துவிடும், வாய்ப்பக்கம் பஞ்சு போல் பிரியும். ரெட்டைக்குழலில் இதைச் சமாளித்துவிடலாம். குழலை மடக்கித் திறக்கிறோம், தோட்டா கண்முன்னே இருக்கிறது, போகாவிட்டால் எடுத்துப் போட்டுவிட்டு வேறு எடுக்கலாம். பம்பில் பருத்த தோட்டா அடிக்குழாய்க்குள்ளோ அறை வாசலிலோ மாட்டிக்கொண்டால் ஏரிக்கரையில் உட்கார்ந்து துப்பாக்கியையே பிரிக்க வேண்டியதுதான். விவரமானவர்கள் முந்தின ராத்திரியே ஒவ்வொரு தோட்டாவையும் வெறும் அறையில் போட்டுப் பார்ப்பார்கள். ‘டக்’கென்று தானாக இறங்கினால் பைக்குள் போகும், விரலால் அழுத்த வேண்டியிருந்தால் ஒதுக்கப்படும். பை தூக்கியவர் என்பதால் இந்த வேலை உங்கள் தாத்தா தலையில் விழுந்திருக்கவும் கூடும். துரையின் துப்பாக்கி மக்கர் பண்ணாததற்குக் காரணம் தாத்தாவேதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டு குழல், இரண்டு விசை, இரண்டு அடிமுள் கொண்ட ரெட்டைக்குழல் என்பது ஒரே கட்டையில் பொருத்திய இரண்டு துப்பாக்கி. ஒன்று கெட்டால் மற்றது வெடிக்கும். வங்கி வாசலில் காவலர் தோளில் இன்றும் அது தொங்குவது பழம்பெருமைக்காக மட்டும் அல்ல.

அப்படியானால் பை ஏன் நிறைந்தது? முப்பத்தைந்து மீட்டர் தூரத்தைக் கடக்க ரவைக்குச் சுமார் 0.12 நொடி ஆகும். அதற்குள் குறுக்கே பறக்கும் வாத்து இரண்டு மீட்டர் நகர்ந்துவிடும். வாத்தைப் பார்த்துச் சுட்டால் ரவை அதன் வாலுக்குப் பின்னால் போகும். மூக்குக்கு இரண்டு மீட்டர் முன்னால் உள்ள வெற்று ஆகாயத்தைச் சுட வேண்டும், சுடும்போதும் சுட்ட பிறகும் குழலின் வீச்சை நிறுத்தக் கூடாது. பழகாதவரின் கை விசையை அழுத்தும் கணத்தில் நின்றுவிடும். அடுத்தது ‘சோக்’, அதாவது குழல் முனையில் வைத்திருக்கும் சிறு சுருக்கம். முழுச் சுருக்கம் உள்ள குழல் நாற்பது கஜத்தில் நூற்றுக்கு எழுபது ரவையை 76 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடக்கும். சுருக்கமில்லாத குழலில் அது நாற்பது சொச்சமாகக் குறையும், ரவைகளின் இடைவெளியில் வாத்து புகுந்து போய்விடும். துரையின் பம்பில் முழுச் சுருக்கமும் ரெட்டைக்குழலில் குறைந்த சுருக்கமும் இருந்திருந்தால் தாத்தா கண்ட வித்தியாசத்தில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதி ஏரியில். இந்தியாவில் பேர்போன வாத்து வேட்டை 1938 நவம்பர் 12 அன்று பரத்பூரில் வைஸ்ராய் லின்லித்கோவுக்காக நடந்தது. ஒரே நாளில் 4,273 பறவைகள். அந்தக் காலத்துத் துரைமார் வேட்டைகளில் ரெட்டைக்குழலுக்குத்தான் மரியாதை. ஒன்றைச் சுடும்போதே பின்னால் நிற்பவர் இன்னொன்றை நிரப்பி நீட்டுவார். அங்கே துப்பாக்கியின் சாமர்த்தியம் என்று எதுவும் இல்லை. வானம் கொள்ளாத பறவை, எழுப்பிவிட்டால் சுற்றிச் சுற்றித் துப்பாக்கிகளின் தலைக்கு மேலேயே வந்தது. ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் ஏரி நிறைய இறங்கியிருந்த நாளில் உங்கள் துரை பம்பை எடுத்துப் போயிருப்பார். உட்கார்ந்திருக்கும் கூட்டத்தின் நடுவே ஒரு வெடி வைத்திருந்தாலும் பை நிறையும். அதைத் தாத்தாவிடம் வெளியே சொல்லாதே என்று சொல்லியிருப்பார்!

இந்த விளையாட்டைப் பிடிக்காதவர்கள் அன்றே இருந்தார்கள். வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, வெள்ளைச் சிப்பாய்கள் எங்கள் ஏரிப் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று செங்கல்பட்டு கலெக்டரிடம் முறையிட்டுத் தடை உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். நாடு முழுமைக்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1991 திருத்தத்தோடு வேட்டை உரிமம் என்ற வழக்கமே போயிற்று. இன்று கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு வாத்து பார்க்கப் போகிறவருக்குத் தேவை ஒரு தொலைநோக்கி, விடியற்காலையில் எழும் தெம்பு.

கடைசியாக அந்தச் சிவப்புத் தோட்டா. வாய் திறந்து, உள்ளே கரி படிந்து, அடியிலுள்ள கேப்பின் நடுவில் முள் குத்திய பள்ளம் இருந்தால் அது வெடித்த காலி உறை. பித்தளை விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துச் சுற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நகம் பட்டது போல் சின்னக் கீறல் தெரிந்தால் அது பெரும்பாலும் பம்ப் துப்பாக்கியின் கொக்கி கவ்விய தடம். ரெட்டைக்குழல் விளிம்பை அடியிலிருந்து தள்ளி ஏந்துவதால் அப்படிக் கடித்த தடம் வைப்பதில்லை. வாய் மூடியபடி, குலுக்கினால் ரவை சலசலத்தால், அது உயிருள்ள தோட்டா. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருக்க ஆயுதச் சட்டம் இடம் தராது. நோண்டிப் பார்க்காமல், அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாமல், ஏற்காடு காவல் நிலையத்துக்கு முதலில் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.